வாப்பா சத்தமாகச் சொன்ன ஆமீன்

எங்கள் வாப்பா மவுத்தாகி இந்த மாதத்தோடு ஒரு வருடம் நிறைகிறது. இந்தச் சிறு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும், துறைமுகத்தில் வாப்பாவோடு உழைத்தவர்களுக்கும், எங்கள் தெருக்காரர்கள் அத்தனை பேருக்கும் என் ஸலாமும் வணக்கமும்.

எங்கள் குடும்பங்களில் இப்படி மலர் அச்சிடும் வழக்கம் இல்லை. வருடம் திரும்பினால் குர்ஆனிலிருந்து யாசீன் ஓதுவோம், சோறாக்கி நாலு பேருக்குக் கொடுப்போம், அத்தோடு சரி. சேவியர் மாமாதான் விடவில்லை. மாமா ராயபுரத்துக்காரர், துறைமுகத்தில் வாப்பாவோடு ஒரே கேங்கில் வேலை பார்த்தவர். போன மாதம் வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே சொன்னார். "எங்காளுங்க போய்ச் சேந்தா வருசத்துக்குப் பூசை வெச்சு புக்கு குடுப்போம். பாய்க்கு மட்டும் இல்லைன்னா எப்டி? நீ எழுதும்மா, அடிக்கிறது என் வேலை."

அச்சகத்தில் படம் கேட்டார்கள். வாப்பா படம் எடுத்துக்கொள்வதை விரும்பாதவர், அதனால் கொடுக்கவில்லை. "இன்னாங்க இது, மூஞ்சியே இல்லாம நினைவு மலரு?" என்று அங்கே வேலை செய்பவர் தலையைச் சொறிந்தாராம். அட்டை வெறும் பச்சையாக இருப்பதற்குக் காரணம் அதுதான். கஞ்சத்தனம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

நான் வாப்பாவுக்கு ஒரே மகள். எழுதிப் பழக்கமில்லை. வாப்பாவைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதினால் போதும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. அதனால் அதையே எழுதிவிடுகிறேன்.

வாப்பா பிறந்தது இராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில். கைக்குழந்தையாக இருக்கும்போதே தகப்பனை இழந்தவர். பதினாறு வயதில் சென்னைக்கு ரயிலேறி, மண்ணடியில் உறவினர் ஒருவரின் கடையில் மூட்டை தூக்கினார். பிறகு துறைமுகத்தில் தினக்கூலி. அதன் பிறகு சிக்னல்காரர். கப்பலில் சரக்கு இறக்கும்போது, மேல்தளத்தில் நின்றுகொண்டு, அடியில் சரக்கு அறைக்குள் இருப்பவர்களையும் மேலே சரக்கு தூக்கும் வின்ச்சை ஓட்டுபவரையும் ஒரே நேரத்தில் பார்த்து, ஏற்று, இறக்கு, நிறுத்து என்று கையாலும் குரலாலும் சொல்கிற வேலை. வின்ச் சத்தத்தையும் கடல் காற்றையும் தாண்டி அந்தக் குரல் அடி வரைக்கும் போக வேண்டும். வாப்பாவுக்குப் போனது.

ஒருநாள் இரும்புக் கட்டு ஒன்று கம்பியறுந்து விழுந்தபோது வாப்பா மேலிருந்து போட்ட ஒரு சத்தத்தில்தான் சேவியர் மாமா பக்கவாட்டில் தாவித் தப்பினார். "பாய் கத்தின கத்துல நான் உசுரோட கீறேன்" என்று இன்றைக்கும் சொல்லுவார். பிள்ளைகளின் கல்யாணப் பத்திரிகையை முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் கொண்டுவந்து வைப்பார்.

அந்தக் குரலோடுதான் வாப்பா பள்ளிவாசலுக்கும் போனார்.

சேவியர் மாமாவின் வீட்டாரும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும். கூட்டுத் தொழுகையில் இமாம் குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஹம்து சூராவை ஓதி முடித்ததும், அதிலுள்ள பிரார்த்தனை ஏற்கப்பட வேண்டும் என்று பின்னால் நிற்பவர்கள் ஆமீன் சொல்வோம். தொழும் முறையில் மத்ஹபு என்று சில வழிகள் உண்டு; வாப்பாவின் ஊர்ப் பக்கம் எல்லோரும் ஷாஃபி மத்ஹபுக்காரர்கள். விடியலில் சுபுஹு, அந்தியில் மஃரிப், இரவில் இஷா என்று சத்தமாக ஓதும் தொழுகைகளில் அவர்கள் ஆமீனையும் சத்தமாகவே சொல்வார்கள். திருவொற்றியூரில் நாங்கள் குடியேறிய தெருவின் பள்ளி இன்னொரு மத்ஹபான ஹனஃபிகளுடையது. அங்கே அதை மனதுக்குள் சொல்வார்கள். இரண்டுமே சரி என்றுதான் கிதாபு ஓதியவர்கள் சொல்கிறார்கள். ஒரே சொல், இவர்கள் வாய்விட்டு, அவர்கள் வாய்க்குள். அவ்வளவுதான் விஷயம்.

வாப்பா முதல் வரிசையில், இமாமுக்கு நேர் பின்னால் நிற்பார். அந்த இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே பாங்கு சொல்வதற்கு முன்பே கிளம்பிவிடுவார். எங்கள் வீடு பள்ளியிலிருந்து மூன்றாவது வீடு. உள்ளே இருக்கும் ஒலிபெருக்கியின் சத்தம் ஜன்னல் வழியாக எங்களுக்கு நன்றாகவே கேட்கும். இமாமாக நிற்கும் ஹஜ்ரத் சூராவை முடிப்பார். உடனே அவருடைய மைக்கில் வாப்பாவின் ஆமீன் விழும். ஊரே அமைதியாக இருக்க, இந்த ஒரு ஆள் மட்டும். உம்மா அடுப்படியில் இருந்தபடி, "உங்க வாப்பாவுக்கு எடம் கெடச்சிருச்சு" என்பார். இருமல் வந்த நாட்களில் அந்த ஆமீனைக் கேட்டே, "இன்னைக்குக் கசாயம் வைக்கணும்" என்றும் சொல்லிவிடுவார். பெண்கள் எங்களுக்குப் பள்ளிக்குள் இடம் இல்லை. ஆனால் வாப்பா அங்கே எப்படி இருக்கிறார் என்பது எங்களுக்குத் தெரிந்தே இருந்தது.

எத்தனையோ வருடம் இது யாருக்கும் உறுத்தவில்லை. தெருவில் சிலர் வாப்பாவை 'ஆமீன் பாய்' என்று கூப்பிடுவார்கள். வாப்பாவும் திரும்பிப் பார்ப்பார். பழைய ஹஜ்ரத் ஒருமுறை, "நீங்க வரலைன்னா எனக்கே ஓதி முடிச்ச மாதிரி இல்ல" என்று சொல்லியிருக்கிறார்.

நான் படிப்பை முடித்து வீட்டில் இருந்த சமயத்தில்தான் அந்தப் பிரச்சினை வந்தது. வாலிபர்கள் சிலர், மத்ஹபே தேவையில்லை என்று பேசுகிறவர்கள், பள்ளிக்கு வரத் தொடங்கினார்கள். அவர்களும் சத்தமாக ஆமீன் சொன்னார்கள். சொன்னதோடு நிற்கவில்லை, சொல்லாதவர்களோடு தர்க்கம் செய்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை கைகலப்பாகிவிட்டது. நிர்வாகம் வாசலில் பலகை மாட்டியது. இங்கே ஹனஃபி முறைப்படி மட்டுமே தொழ வேண்டும், மீறினால் பள்ளி ஜமாஅத்திலிருந்து எந்த ஒத்துழைப்பும் கிடையாது என்று அதில் இருந்தது.

இரண்டு தரப்பும் வாப்பாவைத் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டன. நிர்வாகத்தில் புதிதாக வந்தவர்கள், இவர்தான் அந்தப் பையன்களுக்கெல்லாம் பெரிய தலை என்று நினைத்தார்கள். அந்தப் பையன்களோ வாப்பாவைச் சூழ்ந்துகொண்டு, "பாய், நீங்கதான் எங்களுக்குத் தெம்பு" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். வாப்பாவுக்கு வந்த கோபம் இருக்கிறதே! "நான் எவனுக்கும் ஆளு கெடையாதுடா. எங்க ஊருல எனக்குத் தொழச் சொல்லிக் குடுத்த மாதிரி தொழுவுறேன். போங்கடா" என்று விரட்டிவிட்டார். அடுத்த இஷாவிலும் சத்தமாகத்தான் சொன்னார். விஷயத்தைக் கேட்ட சேவியர் மாமா, "இன்னா பாய் இது பேஜாரு? எங்க கோயில்ல அத்தினி பேரும் ஒண்ணா சத்தமாத்தான் சொல்றோம். மெதுவாச் சொன்னா சாமியாரு நிமிந்து பாப்பாரு" என்றார். வாப்பா சிரித்தார். எனக்கும் அப்போது அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

அந்த நேரத்தில்தான் எனக்கு வரன் வந்தது. அதற்கு முன் இரண்டு இடம் பேசி, நிறம் சரியில்லை என்றும் படிப்பு அதிகம் என்றும் தட்டிப்போயிருந்தன. இது தெரிந்த குடும்பம். மாப்பிள்ளை மணலியில் ஒரு கம்பெனியில் வேலை. எனக்கும் பிடித்திருந்தது. அதை மறைத்து எழுதும் வயது எனக்கு இப்போது இல்லை. ஆனால் மாப்பிள்ளையின் தகப்பனார்தான் பள்ளியின் செயலாளர். கல்யாணத்துக்கு, ஆட்சேபம் இல்லை என்று பெண்ணின் ஜமாஅத்திலிருந்து கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான்.

அவர் சண்டைக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு, உம்மாவிடம்தான் பேசினார். "தோ பாரும்மா, எனக்கு பாய் மேல ஒண்ணும் இல்ல. ஆனா போர்டு மாட்டிக்கினு, என் சம்பந்திக்கு மட்டும் இல்லைன்னா நாளைக்கு என்னை இன்னா கேப்பாங்க? அவரு மனசுக்குள்ள சொல்லட்டும். கடுதாசி நான் இன்னைக்கே எழுதித் தர்றேன்."

உம்மாவால் வாப்பாவிடம் சொல்ல முடியவில்லை. மூன்று நாள் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். கடைசியில் என்னிடம், "நீ சொன்னா கேப்பாக" என்றார். நானும் போனேன். யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை. வாப்பா மஃரிபுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் டீயை நீட்டிக்கொண்டே சொன்ன வார்த்தை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"வாப்பா, மெதுவாச் சொன்னா அல்லாஹ்வுக்குக் கேக்காதா?"

வாப்பா டம்ளரை வாங்கிக்கொண்டார். என்னைப் பார்த்தார். அவருக்கு உடனே புரிந்துவிட்டது, கடிதம், கல்யாணம், எல்லாமே. "கேக்கும் புள்ள" என்றார். டீயை முழுவதும் குடித்துவிட்டுப் போனார்.

அன்று மஃரிபில் ஹஜ்ரத் சூராவை ஓதி முடித்தார். ஜன்னலுக்குப் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. ஹஜ்ரத்கூட ஒரு மூச்சு நேரம் நிறுத்தியது போல எனக்குத் தோன்றியது. பிறகு அடுத்த சூராவைத் தொடங்கினார். உம்மா அடுப்படியில் ஏதோ பாத்திரத்தை எடுத்துக் கீழே வைத்தார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

கடிதம் வந்தது, கல்யாணம் நடந்தது. நான் போன வீடு இரண்டு தெரு தள்ளித்தான். அங்கேயும் அதே பள்ளியின் சத்தம் கேட்கும். வாப்பா அதன் பிறகு ஒருநாளும் சத்தமாகச் சொல்லவில்லை. பலகை கொஞ்ச வருடத்தில் துருப்பிடித்து விழுந்துவிட்டது. வந்த வாலிபர்கள் தனிப் பள்ளி கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். என் மாமனாரும் செயலாளர் பொறுப்பை விட்டார். அவரே வாப்பாவிடம், "இப்ப யாரு கேக்கப் போறா பாய், சொல்லுங்க" என்று சொன்னாராம். வாப்பா, "இருக்கட்டும் சம்பந்தி" என்று சொல்லிவிட்டார். என் கணவர் வரிசையில் அவர் பக்கத்தில் நிற்பவர். அந்த இடம் வரும்போது வாப்பா உதட்டை இறுக்கிக்கொள்வார் என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். ஏன் சொன்னீர்கள் என்று அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. அவர் என்ன செய்வார் பாவம்.

நான் போய், "வாப்பா, இனிமேல் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கலாம். ஒவ்வொரு நோன்புக்கும் நினைப்பேன். சொன்னால், நான் செய்ததை நானே எடுத்துக் காட்டுவது போல ஆகிவிடும் என்று பயம். வாப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, என்னிடம் முகம் சுளித்ததில்லை. என் பிள்ளைப்பேறு இரண்டுக்கும் ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்று மூன்று நாள் கிடந்தார். எண்ணூர் பக்கத்துச் சாம்பல் காற்றில் என் மகளுக்கு மூச்சிரைப்பு வந்த காலத்தில், தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைச் சாலையில் நடையாய் நடந்தவர் அவர். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

உம்மா போன பிறகு வாப்பாவுக்கு மறதி வந்தது. முதலில் சாவி, பிறகு தெரு, பிறகு ஆட்கள். டாக்டர், இது திரும்பாத நோய், பார்த்துக்கொள்வது ஒன்றுதான் வழி என்றார். எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். எல்லாம் மறந்தாலும் ஐந்து வேளைத் தொழுகை மட்டும் மறக்கவில்லை. என் கணவர் கையைப் பிடித்து அழைத்துப் போவார்.

ஒருநாள் இஷா நேரம். நான் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். ஹஜ்ரத் சூராவை முடித்தார். அந்த ஆமீன் வந்தது. குரல் கிழடு தட்டிப் போயிருந்தது, ஆனால் அதே சத்தம். குழாயை மூடாமல் அப்படியே நின்றேன். எனக்காக வாயை அடக்கிக்கொண்டதை வாப்பா மறந்துவிட்டார். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அந்த நோய்க்கு நான் நன்றி சொன்னேன். ஒரு மகள் இப்படியும் சொல்வாளா என்று நீங்கள் நினைக்கலாம். சொன்னேன்.

அந்தச் சந்தோஷம் பத்து நாள்கூட நிற்கவில்லை. மதியத்து லுஹரும் பிற்பகல் அஸரும் இமாம் சத்தமில்லாமல் ஓதும் தொழுகைகள். அவற்றிலும் வாப்பா நடுவில் திடீரென்று ஆமீன் சொன்னார். குனிந்து நிற்கும் ருகூவில் சொன்னார். வெள்ளிக்கிழமை குத்பா உரைக்கு நடுவே எழுந்து நின்று, கப்பலில் நிற்பதாக நினைத்துக்கொண்டு, "நிறுத்து, நிறுத்து" என்று கையைத் தூக்கினார். சிலர் சிரித்தார்கள், சிலர் தொழுகையைத் திரும்பத் தொழுதார்கள். என் கணவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். "கையைப் புடிக்கலாம், வாயை எப்டி புடிக்கிறது?" என்பார்.

கடைசியில் என் மாமனார் வந்தார். அவருக்கும் வயதாகி, கைத்தடியோடு நடக்கிறார். உட்கார்ந்ததும் அழுதுவிட்டார். "அன்னைக்கு நாந்தாம்மா அவரு வாயை அடைச்சேன். இப்ப இருக்குற கமிட்டி என்னாண்டயே வந்து, கூட்டியாராதீங்கன்னு சொல்லச் சொல்றான். ஹஜ்ரத்தும் பாவம், ஓதும்போது தடுமாறிப் போவுது. நான் இன்னா பண்ணுவேன் சொல்லு." நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். அவர்மீது கோபம் வரவில்லை. யார்மீது படுவது என்றும் தெரியவில்லை. இந்த முறை யாரும் அநியாயம் செய்யவில்லை. தொழ வந்தவர்கள் தொழத்தானே வேண்டும்.

அன்றிலிருந்து வாப்பாவை வீட்டில் வைத்தோம். பாங்கு சொன்னதும் கை, கால், முகம் கழுவி ஒளுச் செய்து, தொப்பி போட்டுக்கொண்டு, பூட்டிய கதவின் முன்னால் போய் நிற்பார். "பாங்கு சொல்லிட்டாகளே, கதவைத் தொற புள்ள. எடம் போயிரும்" என்பார். முதல் நாள் என்ன சொல்வதென்று தெரியாமல், "வெளியே மழை வாப்பா" என்று சொல்லிவிட்டேன். மழை பெய்தால் வீட்டிலேயே தொழுதுகொள்ளலாம் என்று சலுகை உண்டு. வாப்பா உடனே ஒப்புக்கொண்டார். அதனால் அதையே பிடித்துக்கொண்டேன். சித்திரை வெயிலில் தார் உருகிக் கிடக்கிறது, கன்டெய்னர் லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வரிசையில் நிற்கின்றன, நான் ஐந்து வேளையும் மழை என்றேன். ஒருநாள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "நனையலையே" என்றார். "இப்பத்தான் விட்டுச்சு, தெருவெல்லாம் தண்ணி" என்றேன். "ரொம்பப் பெய்யிது இந்த வருசம்" என்று சொல்லிக்கொண்டே திரும்பிப் போனார்.

வீட்டிலேயே ஜமாஅத்தாகச் சேர்ந்து தொழுதோம். என் கணவர் இமாம். அவருக்கு வலப்பக்கம் வாப்பா. பின்னால் நானும் என் மகளும். வாப்பா இங்கேயாவது மனம்போலச் சொல்லட்டும், யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். என் கணவரும் அதையே நினைத்தார். முதல் நாள் மஃரிபில் சூராவை முடித்துவிட்டு, வாப்பாவுக்காகவே கொஞ்சம் நிறுத்தினார்.

வாப்பா சொல்லவில்லை. தொழுகையில் நின்றபடியே மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். முகம் தெளிவாக இருந்தது. எல்லாவற்றையும் மறந்தவருக்கு அது மட்டும் எங்கிருந்தோ நினைவு வந்துவிட்டது.

"சொல்லலாமா புள்ள?" என்றார்.

நான் தொழுகையில் நிற்கிறேன். வாய் திறந்து பேசினால் தொழுகை முறிந்துவிடும். சிறு வயதில் எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவரே வாப்பாதான். ஸஜ்தாவில் நெற்றி படும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பது எனக்குத் தெரிந்தது. என் கணவர் இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு வேறு வழியில்லாமல் அடுத்த சூராவைத் தொடங்கினார். வாப்பா முன்னால் திரும்பிக்கொண்டார்.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த அடுத்த நொடியே எழுந்து ஓடி அவர் முன்னால் உட்கார்ந்தேன். கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லுங்க வாப்பா. சத்தமாச் சொல்லுங்க. எவ்வளவு சத்தமா வேணாலும் சொல்லுங்க" என்றேன். வாப்பா என்னை மரியாதையாகப் பார்த்தார், தெரியாத வீட்டுப் பெண்ணைப் பார்ப்பது போல. "என்னத்தம்மா சொல்ல?" என்று கேட்டார்.

அதன் பிறகு ஆமீன் என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. பள்ளியில் வேண்டாத நேரத்திலெல்லாம் சொன்னவர், வீட்டில் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. நான் ஒவ்வொரு வேளையும் தொழுகைக்கு முன்னாலேயே, "சொல்லலாம் வாப்பா" என்று காதில் சொல்லி வைத்தேன். தலையை ஆட்டுவார். நின்றதும் போய்விடும். சில வாரங்களில் நிற்கவும் முடியாமல் படுத்தார். சளி கட்டிக் குரல் போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை அஸர் முடிந்த நேரத்தில், என் மகள் யாசீன் ஓதிக்கொண்டிருக்கும்போது, மூச்சு நின்றது. சேவியர் மாமா அப்போது கட்டிலின் கால்மாட்டில் வாப்பாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஜனாஸாவைப் பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். தொழவைக்கும் முன் குடும்பத்தார் ஒருவர் எழுந்து நின்று, இந்த மையித்து யாருக்காவது சொல்லாலோ செயலாலோ கஷ்டம் கொடுத்திருந்தால் மாப்புச் செய்துவிடுங்கள் என்று கேட்பது வழக்கம். மகன் இல்லாததால் என் கணவர் கேட்டார். மாப்புச் செய்துவிட்டோம் என்று எல்லோரும் சத்தமாகச் சொன்னார்களாம். என் மாமனார் மட்டும் எழுந்து, "அவருதான் எனக்கு மாப்பு குடுக்கணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாராம். ஆண்களுக்கு எழுந்து நின்று கேட்க ஓர் இடம் இருக்கிறது. நான் வீட்டில் காலியான கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு எழுந்து நின்று கேட்கக் கிடைத்த இடம் இந்த மலர்தான். சேவியர் மாமா தெரியாமல் எனக்குச் செய்த உதவி அது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய இருக்கிறார்கள். வாப்பாவைத் தகப்பனாகவே பார்த்துக்கொண்ட என் கணவருக்கு. துறைமுகத்திலிருந்து வந்து, மையவாடி வரை சந்தூக்குப் பெட்டியைத் தோள் மாற்றித் தூக்கிய, எல்லா மதத்தையும் சேர்ந்த அவருடைய கேங்காருக்கு. வாப்பா தெருவில் வழி தவறிய நாட்களில் வண்டியை நிறுத்தி வீட்டில் கொண்டுவந்து விட்ட ஆட்டோக்காரர்களுக்கு. குளிப்பாட்டியவர்களுக்கு, கபன் துணி தைத்தவர்களுக்கு, மூன்று நாள் எங்களை அடுப்பு மூட்ட விடாமல் சோறு அனுப்பிய பக்கத்து வீடுகளுக்கு. என் மாமனாருக்கும் நன்றி. அவர் கையெழுத்துப் போட்ட கடிதத்தால்தான் எனக்கு இந்தக் குடும்பம் கிடைத்தது, அதையும் நான் மறுக்க முடியாது.

கடைசியாக எங்கள் ஹஜ்ரத்துக்கு. வாப்பா தடுமாற வைத்த அத்தனை தொழுகையிலும் அவர் ஒருமுறைகூடக் கடிந்து பேசவில்லை. வாப்பா போய் நாற்பது நாள் கழிந்து, பாத்திஹா ஓத வீட்டுக்கு வந்தபோது, திரைக்கு இந்தப் பக்கம் நின்று அவரிடம் கேட்டேன். தொழுகையில் வாப்பா கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் நின்றது குற்றமா என்று கேட்டேன்.

அவர் நல்ல மனிதர். என் மனதை ஆற்றத்தான் பேசினார். "குற்றம் இல்லம்மா. தொழுகையில பேசக் கூடாதுன்னு நின்னீங்க, அது சரிதான்" என்றார். பிறகு சாதாரணமாக, மார்க்கம் சொல்கிற குரலில் சேர்த்துக்கொண்டார்.

"பேசத்தான் கூடாது. நீங்க ஆமீன்னு சத்தமாச் சொல்லியிருக்கலாமே. அதனால தொழுகை முறியாது. அவரும் உங்களோட சேந்து சொல்லியிருப்பாரு."